மகரக்கட்டுக்குப் பிறகு

சென்னையில் இசைப்பள்ளி தொடங்குகிறவர்களுக்கு இப்போது 'கன்சர்வேடரி' என்ற சொல் பிடித்துப்போய்விட்டது. பெயர்ப்பலகையில் பார்த்தால் ஒரு சீமை வாசனை, கூடவே கொஞ்சம் ஃபீஸ் வாசனையும் வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் ஃபீஸ் கட்டக்கூடிய பிள்ளைகளே கிடையாது. இத்தாலிய மொழியில் 'கொன்செர்வதோரியோ' என்றால் காப்பகம். அங்கே வைத்துக் காப்பாற்றப்பட்டவர்கள் தெருவில் விடப்பட்ட பிள்ளைகள். இசை பின்னால்தான் வந்து சேர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பாவின் நெரிசல் மிகுந்த நகரங்களில் ஒன்று. தேவாலய வாசல்களில் அநாதைப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். 1537இல் சாந்தா மரியா தி லொரேத்தோ என்ற காப்பகம் அங்கே தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் மூன்று வந்துவிட்டன. சோறு, துணி, கொஞ்சம் எழுத்து, ஒரு கைத்தொழில் என்பதுதான் திட்டம். அடுத்த நூற்றாண்டில் மற்ற கைத்தொழில்களை இசை முந்திக்கொண்டது. காரணம் எளிது. ஊரில் தேவாலயங்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் பாடகர்கள் வேண்டும். பிள்ளைகள் தேவதை வேஷம் கட்டிக்கொண்டு சவ ஊர்வலங்களில் பாடப் போனார்கள். கூலி காப்பகத்துக்கு வந்தது. முதலில் சோறு போட்டுப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அந்தப் பாட்டே சோற்றைச் சம்பாதித்தது.

1770இல் சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாளர் இந்தக் காப்பகங்களில் ஒன்றான சான்ட் ஒனோஃப்ரியோவைப் போய்ப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். படிக்கட்டில் ஒரு பையன் டிரம்பெட் ஊதிக்கொண்டிருக்கிறான். இன்னொரு படிக்கட்டில் ஒருவன் ஹார்ன். பொது அறைக்குள் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகள், அதைவிட அதிகமாக வயலின்கள், பாடுகிறவர்கள் வேறு. ஒவ்வொருவரும் தனித்தனிச் சுருதியில் தனித்தனிப் பாடம். பிள்ளைகளின் படுக்கைகளும் அதே அறையில்தான். மேல்மாடியில் மட்டும், குளிர் அதிகம் ஏறாத அறைகளில், 16 பையன்கள் தனியாக வைக்கப்பட்டிருந்தார்கள். சளி பிடித்தால் குரல் போய்விடும் என்று பயம். அவர்கள் காஸ்ட்ராட்டிகள். பருவ வயதில் குரல் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்டவர்கள்.

இந்தக் காப்பகங்களின் பெருமையைச் சொல்கிறவர்கள் சிமரோசாவைச் சொல்வார்கள். கொத்தனார் மகன். கட்டட வேலையில் விழுந்து தகப்பன் இறந்துபோக, தாய் துணி வெளுத்துப் பிழைத்தாள். பையன் 1761இல் லொரேத்தோவில் சேர்ந்தான். பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்க அவனுடைய ஓப்பராக்கள் மேடையேறின. கதை உண்மைதான். ஆனால் அதே படிக்கட்டில் ஹார்ன் ஊதிக்கொண்டிருந்த பையன் பெயர் யாருக்கும் தெரியாது. 1795இல் பாரிஸில் அரசாங்கமே இசைக் கல்லூரி தொடங்கியபோது இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அநாதைகள் வெளியே நின்றார்கள், சொல் மட்டும் உள்ளே போயிற்று.

வெனிஸில் இதற்குப் பெண்பிள்ளைகள் பக்கம் ஒன்று உண்டு. ஓஸ்பெதாலே தெல்லா பியெத்தா என்ற காப்பகத்தின் சுவரில் ஒரு மாடம் இருந்தது. வளர்க்க முடியாத குழந்தையை இரவில் அதில் வைத்துவிட்டுப் போகலாம். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை நினைத்துக்கொண்டால் படம் சட்டென்று விளங்கும். அந்த மாடத்தில் வந்து சேர்ந்த பெண்களுக்கு 1703 முதல் வயலின் வாத்தியாராக இருந்தவர் விவால்டி. அவர் எழுதிய பல கான்செர்ட்டோக்கள் இவர்களுடைய விரல்களை நம்பி எழுதப்பட்டவை. மேல்தளத்தில் கம்பி அழிக்குப் பின்னால் நின்று அவர்கள் வாசிப்பார்கள். கேட்பதற்கு ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பிரபுக்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு வெளியே போனால் இனிப் பொது இடத்தில் வாசிப்பதில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிறவரை உலகத் தரம், வாசலைத் தாண்டினால் மௌனம்.

நம் ஊரில் இந்த ஏற்பாட்டின் பெயர் பாய்ஸ் கம்பெனி.

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். வளர்ந்த நடிகர்கள் ஒத்திகைக்கு அடங்குவதில்லை, மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று சலித்துப்போய்ச் சிறுவர்களிடம் வந்தார் என்பார்கள். டி.கே. சண்முகம் தன் சகோதரர்களோடு அந்த சபாவில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பின்னாளில் அவர் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' அந்த உலகத்துக்குள் போக நமக்கு இருக்கும் நல்ல வாசல்களில் ஒன்று. சுவாமிகளின் சபாவை ஒட்டியும் பின்பற்றியும் ஊர் ஊராகப் பல கம்பெனிகள் கிளம்பின. ஜெகந்நாத ஐயர் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி.

இவற்றை நாடகக் கம்பெனி என்றுதான் நாம் படிக்கிறோம். ஒரு நாளின் கால அட்டவணையைப் பார்த்தால் இசைப்பள்ளி என்றும் சொல்லலாம். காலையில் குரல் சாதகம். வாத்தியார் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து பாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பார். சுவாமிகள் காலத்து நாடகம் பெரும்பாலும் பாட்டுதான். வசனம் இடைவெளியை நிரப்புவதற்கு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பதால் உயர்ந்த கட்டையில் பாடப் பழக வேண்டும். தாளம் தப்பினால் பிரம்பு. ராகம், தாளம், பதம் பிரித்துப் பாடுவது, ஆட்டம், சிலம்பம் எல்லாம் சேர்ந்த படிப்பு. ஃபீஸ் கிடையாது. சாப்பாடு உண்டு.

யார் சேர்ந்தார்கள்? கண்டியில் பிறந்து, தகப்பனை இழந்து, கும்பகோணத்துக்கு வந்த எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் சேர்ந்தார்கள். தாய் சத்யபாமா அவர்களைக் கம்பெனியில் விட்டது வறுமையால்தான். நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற என்.எஸ். கிருஷ்ணன் சேர்ந்தார். வீட்டைவிட்டு ஓடிவந்த எம்.ஆர். ராதா சேர்ந்தார். ஏழு வயதுச் சிவாஜி கணேசன் சேர்ந்தார். இன்றைய தொண்டு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் 'ஆதரவு தேவைப்படும் குழந்தை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக்கூடிய பையன்கள் அத்தனை பேரும். தமிழ் சினிமாவின் முதல் அரை நூற்றாண்டும், அரசியலின் ஒரு பெரும் பகுதியும், பசித்த பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த இந்தக் கூடாரங்களிலிருந்து வந்தது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நல்ல மேடைப் பேச்சு. நிறுத்த முடியாததற்குக் காரணம் ஒரே ஒரு சொல்: மகரக்கட்டு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளையின் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கி நிலைக்கும்வரை மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், குரல் சொன்னபடி கேட்காது. மேலே எடுத்தால் கிறீச்சிடும், கீழே போனால் கரகரக்கும். இதைத்தான் மகரக்கட்டு என்பார்கள். உடம்புக்கு இது சாதாரண விஷயம். கம்பெனியில் இருந்த பையனுக்கு இது வேலை போகிற விஷயம். நேற்றுவரை ஸ்திரீ பார்ட்டில் கைதட்டல் வாங்கியவன் இன்று கும்பலில் ஒருவனாக நிற்பான், இல்லையென்றால் எடுபிடி வேலை, இல்லையென்றால் ஊருக்கு ரயில். நேப்பிள்ஸ்காரர்கள் கத்தியால் தள்ளிப்போட்ட நாளை நம் ஊரில் தள்ளிப்போட வழியில்லை. அது வந்தது. பையன் போனான்.

போனவன் எங்கே போனான்? அவன் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கவில்லை. ஏழு வயதிலிருந்து ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு நிலபுலம் தெரியாது, தறி தெரியாது. தெரிந்ததெல்லாம் ஐம்பது நாடகத்தின் பாட்டுகள், இப்போது பாட முடியாத பாட்டுகள். பல கம்பெனிகளில் பெற்றோரிடம் வருஷக்கணக்குக்கு ஒப்பந்தம் வாங்கிக்கொள்வார்கள். ஒப்பந்தம் பையனைக் கட்டிவைத்ததே தவிர கம்பெனியைக் கட்டவில்லை. 1933இல் பிரிட்டிஷ் இந்தியாவில் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்னோடியாக வந்த விட்லி கமிஷன் அறிக்கை சென்னையின் பீடிக் கூடங்களையும் அமிர்தசரஸின் கம்பளத் தறிகளையும் சுட்டிக்காட்டியது. கொட்டகைக்குள் பாடிக்கொண்டிருந்த பிள்ளை கூலிப் பிள்ளையாகத் தெரிவதில்லை. பாட்டு இனிமையாக இருந்தால் கேட்கிறவருக்குக் கேள்வி எழாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: வெற்றிகரமாக முடிந்த வேலைகளின் பதிவை மட்டும் பார்த்துவிட்டு சிஸ்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. பாதியில் விழுந்தவை எத்தனை, எங்கே விழுந்தன என்று பார்க்க வேண்டும். இசையால் பிள்ளைகளைக் கரையேற்றும் முயற்சிகளின் வரலாற்றில் விழுந்தவற்றின் பதிவு ஏறக்குறைய கிடையாது. சிமரோசாவும் எம்.ஜி.ஆரும் பதிவில் இருக்கிறார்கள். படிக்கட்டுப் பையன் இல்லை.

நம் காலத்தில் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1975இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு கார் நிறுத்தும் கூடத்தில் பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியக்குழுவைத் தொடங்கினார். 'எல் சிஸ்தேமா' என்று உலகம் முழுக்கப் பேசப்படும் இயக்கம் அதுதான். லட்சக்கணக்கான பிள்ளைகள், நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மையங்கள், குஸ்தாவோ துதாமெல் போன்ற உலகப் புகழ் நடத்துநர்கள். 'வறுமைக்கு மருந்து வயலின்' என்கிற தோரணையில் பல நாடுகள் அதை நகலெடுத்தன. 2014இல் ஜெஃப்ரி பேக்கர் என்ற ஆய்வாளர் அந்த அமைப்பின் இறுக்கத்தையும் அதிகாரத்தையும் விமர்சித்துப் புத்தகமே எழுதினார். 2017இல் இன்னொரு ஆய்வு வந்தது. 16 மையங்களில் 2,914 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முன்னதாக இடம் கொடுத்து, பிறகு ஒப்பிட்டார்கள். சுயகட்டுப்பாட்டில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. வன்முறைச் சூழலில் வளர்ந்த, படிப்புக் குறைந்த தாய்மார்களின் ஆண்பிள்ளைகளிடம் நடத்தையிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் என்னை உட்காரவைத்தது வேறொரு எண். அந்த மாநிலங்களில் 46.5 சதவீதப் பிள்ளைகள் ஏழைகள். விண்ணப்பித்து வந்தவர்களில் ஏழைகள் 16.7 சதவீதம்தான்.

அதாவது யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் கதவுவரை வரவேயில்லை. இலவசம் என்று எழுதிவைத்தால் போதாது. பஸ் செலவு, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சாயங்காலம் தறியில் நூல் சுற்றும் வேலை, விண்ணப்பம் நிரப்பத் தெரியாத அம்மா, இத்தனையும் வாசலில் நின்று வடிகட்டுகின்றன.

தறி என்று சொன்னது சும்மா இல்லை. என் அம்மா வழி ஊர் திருத்தணிப் பக்கம். அங்கே ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று வரிசையாக விசைத்தறி ஊர்கள். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான், பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் இப்போது மூன்றாவது மொழியும் கேட்கிறது. மழை ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், அடுத்த மழைக்கு முன் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் முழுசாகச் சொந்தமில்லாமல் வளர்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வாரக்கடைசியில் பாட்டு சொல்லிக்கொடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் பேசினார்கள். ஃபார்ம் தயாரித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. இருபது இடம், குரல் தேர்வு வைத்து நல்ல இருபது பேரை எடுத்து, ஆண்டு விழாவில் மேடையேற்ற வேண்டும். "திறமை இருக்கிற பிள்ளைங்கள வீணாக்கக் கூடாதுல்ல?" என்றார் ஒருவர். நியாயமான பேச்சுதான். எனக்கு நேப்பிள்ஸின் மேல்மாடி ஞாபகம் வந்தது. குளிர் படாத அறைக்குப் பதினாறு பேரை எடுக்கும்போது மற்றவர்கள் கீழே என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நாம் முடிவு செய்கிறோம். தேர்வுக் கட்டத்தை நான் ஃபார்மில் சேர்க்கவில்லை. யார் வருகிறார்களோ அவர்கள் என்று பேசிப் பேசி ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். சண்டை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இந்தச் சண்டையில் என் பக்கம் பேச வந்தது, விசித்திரமாக, திருத்தணி மலைதான்.

மலைக்கு 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் இங்கே படித்திருவிழாவைத் தொடங்கினார். ஆங்கிலப் புத்தாண்டுக்குத் துரைமார் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கப் போகிறவர்களைத் துரைக்கெல்லாம் துரையான முருகனிடம் கூட்டிவந்தார் என்று கதை. டிசம்பர் 31 இரவில் ஒவ்வொரு படிக்கும் ஒரு திருப்புகழ் பாடி ஏறுவது வழக்கமாயிற்று. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்புதான், 1890களில், வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடிச் சுவடிகளைச் சேர்த்துத் திருப்புகழை அச்சேற்றத் தொடங்கியிருந்தார். அருணகிரிநாதர் பாடிய மெட்டுகள் நமக்கு வந்து சேரவில்லை. சந்தம் மட்டும் சொல்லுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னாலே தாளம் விழும். மெட்டு அவரவர் குழுவுக்கு அமைந்தபடி. பாட்டு வராத ஆளும் தாளம் பிடித்துக்கொண்டே அடுத்த படிக்குப் போய்விடலாம்.

என் தாத்தா தறிக்காரர். பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா அவர் கையில். எனக்குப் பத்து வயதில், பாட்டு தெரியாது என்று நான் பின்வாங்கியபோது அவர் சொன்னது: "பாட்டு தெரியாட்டி என்னடா, படி தெரியுதில்ல? ஏறு." அவருக்குக் குரல் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அறுபது வயதுவரை அந்தக் கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் இருந்தது.

இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை சென்னை மாகாணத்தின் பெரும்பாலான கோயில்களில் எல்லாச் சாதியாரும் நுழைந்துவிட முடியாது. பஜனைக் கோஷ்டிகளும் தெருவுக்குத் தெரு பிரிந்தவைதான். இன்னொன்றும் இருக்கிறது. இசை கற்றுத்தரப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இசை கிடையாது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். பறையும் பம்பையும் தெருக்கூத்தும் உயிரோடு இருக்கும் பகுதி இது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் விடியவிடிய உட்கார்ந்திருந்த பையனுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி பிறந்ததும் இந்த மலையில்தான் என்பது மரபு. கிழவர் வடிவில் வந்த முருகன் வாயில் கற்கண்டைப் போட்டாராம். 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற அந்தக் கிருதியின் ராகம் மாயாமாளவகௌளை. சரளி வரிசை தொடங்கும் எந்தக் குழந்தையும் முதலில் பாடும் ராகம். அதே தீட்சிதர் சென்னையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சின்னச் சின்னதாக சம்ஸ்கிருதத்தில் எழுதியவை நோட்டுஸ்வரங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், தன்னளவில் முழுசு. ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடப் போகும் சூளைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷப் பாடத்திட்டத்தின் முதல் துண்டைக் கொடுப்பது வஞ்சனை. முழுசாக நாலு பாட்டைக் கொடுத்தால் அதை அது ஒடிசாவுக்கு எடுத்துக்கொண்டு போகும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மாநில மேடைவரை போகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போட்டி. பள்ளியில் ஜெயித்து, வட்டாரத்தில் ஜெயித்து, மாவட்டத்தில் ஜெயித்து மேலே போக வேண்டும். போட்டிக்கு வெளியே தினப்படி பாட்டு சொல்லித்தர ஆள் வேண்டாமா? 2012இல் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆதரவற்ற பிள்ளைக்கு ஆதரவற்ற வாத்தியாரை அனுப்பியிருக்கிறோம்.

2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேடரி, சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா வழியாக வசதியற்ற சென்னைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகக் கற்பித்தபோது, நானூறு வருஷம் கழித்து அந்தச் சொல் தன் பழைய வீட்டுக்குத் திரும்பியதாக எனக்குப் பட்டது. அது போன்றவை இன்னும் வர வேண்டும். வரும்போது நன்கொடையாளரிடம் காட்டும் படக் கோப்பில் மேடையில் நிற்கும் பிள்ளையின் படம் இருக்கட்டும். கூடவே ஒரு பதிவேடும் இருக்கட்டும். சேர்ந்தவர் எத்தனை பேர், நின்றவர் எத்தனை பேர், நின்ற பிள்ளை இப்போது பள்ளியில் இருக்கிறதா தறியில் இருக்கிறதா, நின்றபிறகு யாராவது ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்களா?

சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் இறந்தார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்கும் பேச்சு போயிருந்தது. அப்போதும் சபா அவரை விட்டுவிடவில்லை, தன்னோடு ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டுதான் போயிற்று. குரல் போன வாத்தியாருக்குக் கம்பெனி காட்டிய அந்த மரியாதை, குரல் உடைந்த பதினான்கு வயதுப் பையனுக்கும் கிடைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர இனிமேல் கிளம்புகிற எவரிடமும் நான் கேட்க நினைப்பது இதைத்தான்.